பாசிக்குப் போகும் நேரத்தில் பிள்ளைகளை யாரிடம் விடுவது?

மண்டபம் பக்கத்துக் கடலோரக் கிராமத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். இவர் கடல்பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போகிறார். மகளுக்கு 9 வயது, நான்காம் வகுப்பு. மகனுக்கு 4 வயது. இதுவரை பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட மாமியார் இறந்துவிட்டார். "என் மகள் சமர்த்து. சோறுகூட வடித்துவிடுவாள். தம்பியை அவளிடம் விட்டுவிட்டு ஐந்தாறு மணி நேரம் போய் வரலாமா? பிள்ளைகளை எத்தனை வயதிலிருந்து வீட்டில் தனியே விடலாம்?" என்பது கேள்வி.

நான் கிராம சுகாதாரச் செவிலியராக இந்தக் கரையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வடகடல் ஓரத்திலும் தென்கடல் ஓரத்திலும் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறேன். அப்படிப் போகிறவளுக்கு ஒரு வசதி உண்டு: யாரும் எதிர்பாராத நேரத்தில் வாசலில் போய் நிற்பாள். பெரியவர்கள் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்பதை நான் அப்படித்தான் பார்த்தேன்.

விடியற்காலையில் கிளம்ப வேண்டியவருக்குப் பதிலை இழுத்தடிக்கக் கூடாது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். 4 வயதுப் பையனை 9 வயதுப் பெண்ணிடம் விட்டுவிட்டுப் போக வேண்டாம். ஐந்தாறு மணி நேரம் மட்டுமல்ல, அரை மணி நேரமும் வேண்டாம். மகள் மட்டும் என்றால், பகல் வெளிச்சத்தில், பக்கத்து வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்கும்போது, முன்கூட்டிப் பழக்கிவிட்டு, அரை மணி நேரம் விடலாம். இதை நான் குறை சொல்லும் தொனியில் எழுதவில்லை. பாசி எடுக்காத நாளில் அந்த வீட்டில் கடைக்கடன் ஏறும் என்பது எனக்குத் தெரியும். உங்கள் கேள்வியைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் வேலையை விடாமலே வழி இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பலர் கேட்பார்கள். குழந்தையை இத்தனை வயதுக்கு மேல் தனியே விடலாம் என்று இந்தியச் சட்டம் எதுவும் வயது குறிக்கவில்லை. ஆனால் குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவர், அதற்குத் தேவையற்ற உடல், மனத் துன்பம் நேரக்கூடிய வகையில் வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டால் அது குற்றம் என்று 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு சொல்கிறது. தண்டனை 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கூலிக்குப் போன தாயைப் பிடித்து உள்ளே போடுவதற்காக வந்த சட்டம் அல்ல அது. அதை நினைத்துப் பயப்பட வேண்டாம். அதேபோல, சட்டத்தில் வயது இல்லை என்பதால் எல்லாம் அனுமதி என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் வயது குறித்திருக்கிறார்கள்: 8 வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தனியே விடக் கூடாது, துணைக்கு விடுகிறவருக்குக் குறைந்தது 13 வயது இருக்க வேண்டும். இதில் என் கவனத்தை இழுத்தது அந்த இரண்டு எண்களுக்கும் இடையில் இருக்கும் தூரம். தனியே இருக்க ஒரு வயது, இன்னொரு குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறொரு வயது. நம் ஊரில் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

நீங்கள் கேட்டதிலும் அந்தக் குழப்பம்தான் இருக்கிறது. மகள் சமர்த்து, சோறு வடிப்பாள். சரி. அது அவள் தன்னைப் பார்த்துக்கொள்வாள் என்பதற்கு ஓரளவு சான்று. தம்பியைப் பார்த்துக்கொள்வாள் என்பதற்கு அது சான்றே இல்லை. தன் கையைச் சுட்டுக்கொள்ளாமல் கஞ்சி வடிப்பது கைப்பழக்கம். கஞ்சி வடிக்கிற அந்த நேரத்திலேயே, பின்வாசல் வழியாக நழுவும் 4 வயதுக்காரனை ஓரக்கண்ணால் பிடிப்பது வேறு. இரண்டு வேலையை ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருக்க 9 வயதில் வராது. பெரியவர்களுக்கே பல நேரம் வருவதில்லை.

வடகடல் ஓரத்து ஊர் ஒன்றில் ஒரு வீட்டுக்குத் தடுப்பூசி விட்டுப்போன குழந்தையைத் தேடிப் போனேன். காலை பதினொரு மணி இருக்கும். கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றரை வயதுப் பையன், கணுக்காலில் கயிறு கட்டி, நடுத்தூணில் பிணைத்திருந்தது. வலைக்கயிறு. காலில் உராயாமல் இருக்கப் பழைய சேலைத் துணியைச் சுற்றி அதன் மேல் முடிச்சுப் போட்டிருந்தாள், அவனுடைய அக்கா. அவளுக்கு எட்டு வயது இருக்கலாம். அவள் குழாயடிக்குப் போயிருந்தாள். பையன் தூணைச் சுற்றிச் சுற்றி வந்து, கயிறு முழுவதும் தூணில் சுற்றிக்கொண்டு தீர்ந்துபோய், முகத்தைத் தூணில் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். கன்னத்தில் கண்ணீர் காய்ந்து வெள்ளைக் கோடாக இருந்தது. அந்தப் பெண் குடத்தோடு திரும்பி வந்தாள், என்னைப் பார்த்து பயந்தாள். ஏன் கட்டினாய் என்று கேட்டேன். "விட்டால் கடலுக்குப் போய்விடுவான் அக்கா" என்றாள்.

அவளை முட்டாள் என்று எப்படிச் சொல்வேன்? இருந்த ஆபத்துகளில் பெரியதைச் சரியாகக் கண்டுபிடித்திருந்தாள். முடிச்சுகூட நல்ல முடிச்சு. ஆனால் கயிறு கழுத்துக்குப் போகலாம் என்பதும், அடுப்பில் இன்னும் தணல் இருந்தது என்பதும், தீப்பிடித்தால் கட்டியிருக்கும் குழந்தை ஓட முடியாது என்பதும் அவள் கணக்கில் வரவில்லை. ஒரு ஆபத்தை மட்டும் பார்க்கும் வயது அது. வயது ஏற ஏறத்தான் இரண்டாவதும் மூன்றாவதும் கண்ணில் படும். அன்று அவள் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை என்பதையும் கவனியுங்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ள நிறுத்தப்படும் பிள்ளை ஏறக்குறைய எப்போதும் பெண்பிள்ளைதான். முதலில் பாசி நாள் மட்டும், பிறகு வாரத்துக்கு மூன்று நாள், பிறகு பள்ளியிலிருந்து பெயரே போய்விடும். 6 முதல் 14 வயது வரை கல்வி உரிமை என்று 2009-இல் சட்டம் வந்த பிறகும் இது நடந்ததைப் பார்த்தவள் நான்.

நம் வீடுகளில் எது ஆபத்து என்பதையும் பார்த்துவிடுவோம். தொலைக்காட்சியில் சொல்வது எல்லாம் அடுக்குமாடி வீட்டுக்கு, பால்கனிக்கு, மின்தூக்கிக்கு. நம் வீட்டின் ஆபத்துகள் வேறு.

முதலாவது தண்ணீர். கடலைச் சொல்லவில்லை, அது எல்லோருக்கும் தெரியும். தண்ணீர்ப் பஞ்சத்தால் நாம் வீட்டில் சேர்த்து வைக்கும் தண்ணீரைச் சொல்கிறேன். லாரித் தண்ணீர் வரும் நாளில் டிரம், அண்டா, சிமெண்ட் தொட்டி என எல்லாவற்றையும் நிரப்பி வைக்கிறோம். கொல்லையில் ஊற்றுத் தோண்டி வைத்திருப்பவர்களும் உண்டு. கீழக்கரைப் பக்கம் பெரிய வீடுகளில் நிலத்தடித் தொட்டியின் மூடி பாதி நாள் திறந்தே கிடக்கும். வசதி கூடினால் இந்த ஆபத்து குறைகிறது என்று நினைக்காதீர்கள். சிறு குழந்தைக்குத் தலை கனம். எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால் மீண்டும் நிமிரும் வலு கைக்கு இல்லை. ஒரு சாண் தண்ணீர்கூட வேண்டியதில்லை, மூக்கும் வாயும் மூழ்கினால் போதும். மூழ்கும் குழந்தை கத்தாது. சத்தம் கேட்டால் ஓடிப் போகலாம் என்று அடுத்த அறையில் இருப்பவர் நினைத்துக்கொண்டிருப்பார். சத்தமே வராது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அதில் ஏறத்தாழ கால் பங்கு 5 வயது நிரம்பாதவர்கள்.

இரண்டாவது மண்ணெண்ணெய். நாட்டுப்படகு வைத்திருக்கும் வீட்டிலும், பக்கத்தில் அப்படி ஒரு வீடு இருக்கும் இடத்திலும், மண்ணெண்ணெயையும் டீசலையும் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் இருக்கிறது. தாகத்தோடு ஓடி வரும் குழந்தை முகர்ந்து பார்த்துக் குடிக்காது, தூக்கி ஒரு மடக்கு விழுங்கிவிடும். அப்படி நடந்தால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள். உள்ளே போன மண்ணெண்ணெய் வயிற்றில் செய்யும் கேட்டைவிட, வாந்தியோடு மேலேறி மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரலில் செய்யும் கேடு பெரிது. பாட்டிலையும் எடுத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெரியவர்களே இதைத் தவறாகச் செய்கிறார்கள். 9 வயதுப் பிள்ளை பதறிப்போய், பாட்டி செய்து தான் பார்த்ததையே செய்வாள்.

மூன்றாவது ஐஸ் பெட்டி. மீன் வைக்கும் பெரிய பெட்டி காலியாகக் கிடந்தால் பிள்ளைகளுக்கு அது ஒளிந்து விளையாடும் வீடு. மூடி விழுந்தால் உள்ளிருந்து திறக்க முடியாது, சத்தமும் வெளியே வராது. காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போடுங்கள், அல்லது மூடியைக் கழற்றித் தனியே வையுங்கள். ஒரு நிமிட வேலை.

அடுப்பு, தூண்டில் முள், எலி மருந்து, கருவாடு காயும் இடத்தில் சுற்றும் நாய் எல்லாம் உங்களுக்கே தெரியும். தீக்காயத்துக்கு மட்டும் ஒன்று: ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பற்பசை, மாவு, பேனா மை எதுவும் கூடாது. மகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அவள் திருப்பிச் சொல்கிறாளா என்று பாருங்கள்.

பூட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடல் பயத்தால் பல தாய்மார்கள் செய்வது, பிள்ளைகளை உள்ளே விட்டு வெளியே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போவது. நான் பார்த்த வழிகளில் மிக மோசமானது இதுதான். ஓலை வீடோ தகரக் கூரையோ, தீ என்று வந்தால் சில நிமிடத்தில் முடிந்துவிடும். சாவி நடுக்கடலில் இருக்கும். பூட்டித்தான் ஆக வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றினால், அந்தக் குழந்தை இன்னும் தனியே இருக்கும் நிலைக்கு வரவில்லை என்று பொருள். கதவைத் திறந்து வைத்திருந்தும் வாசல்படி தாண்டாமல் இருக்கும் பிள்ளையை மட்டும்தான் தனியே விட முடியும்.

அப்பா வீட்டில் இருக்கிறார் என்ற கணக்கும் சில நாள் பொய்க்கும். உங்கள் பக்கம் விசைப்படகுகள் பெரும்பாலும் வாரத்துக்கு மூன்று நாள் போய் மறுநாள் காலையில் கரை திரும்புகின்றன. இரவு முழுவதும் வலை இழுத்து வந்த மனிதர் பாயில் விழுந்தால் இடி விழுந்தாலும் எழ மாட்டார். அவர் மேல் தப்பில்லை. ஆனால் அந்த நேரத்தில் அந்த வீட்டில் பெரியவர் யாரும் இல்லை என்றே நீங்கள் கணக்கு வைக்க வேண்டும்.

இனி வயதுக்கு வருகிறேன். நான் சொல்வது என் அனுபவத்தில் வந்த கணக்கு, அரசாங்க விதி அல்ல. 6 வயது வரை குழாயடிக்குப் போகும் நேரத்துக்குக்கூடத் தனியே விடக் கூடாது, இடுப்பில் தூக்கியோ கையில் பிடித்தோ கூட்டிப் போங்கள். 7 முதல் 9 வரை, கடைக்குப் போய் வரும் நேரம், கூடிப்போனால் அரை மணி. 10, 11 வயதில் பகலில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். 12-க்கு மேல் அரை நாள் விடலாம், அதுவும் பிள்ளையைப் பொறுத்து. தம்பி தங்கையைப் பொறுப்பாக விடுவது 13, 14-க்கு முன்னால் வேண்டாம், கைக்குழந்தை என்றால் அப்போதும் வேண்டாம். இரவு முழுவதும் தனியே என்பது 16 வயதுக்கு முன்னால் பேச்சே இல்லை.

இந்த எண்களை அப்படியே பிடித்துக்கொள்ளவும் வேண்டாம். 12 வயதில் கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டுத் தீப்பெட்டி தேடிய பையனையும் பார்த்திருக்கிறேன். 9 வயதில் புகை வாசனை வந்ததும் தங்கையை இழுத்துக்கொண்டு வெளியே ஓடி, பிறகு கத்திய பெண்ணையும் பார்த்திருக்கிறேன். பிள்ளை ஆயத்தமாக இருக்கிறதா என்பதை நல்ல நாளில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. நல்ல நாளில் எல்லாப் பிள்ளையும் சமர்த்துதான்.

அதனால் ஒத்திகை பாருங்கள். கேள்வியாகக் கேட்டால் பிள்ளைகள் நமக்குப் பிடித்த பதிலைச் சொல்லும், செய்து காட்டச் சொல்லுங்கள். "கையில் கொதிதண்ணீர் கொட்டிவிட்டது, இப்போது என்ன செய்வாய்?" என்றதும் அவள் எழுந்து எங்கே நடக்கிறாள் என்று பாருங்கள். குடத்தை நோக்கிப் போனால் சரி. அலமாரியில் பற்பசையைத் தேடினால் இன்னும் ஒரு மாதம் பழக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் திண்ணையில் நின்று பாருங்கள். பத்து நிமிடம் சும்மா இருக்கிறாளா, அடுப்பை நோண்டுகிறாளா, வாசலைத் தாண்டுகிறாளா? பத்து நிமிடம் பதினைந்தாகட்டும், பதினைந்து அரை மணியாகட்டும். ஒரே மூச்சில் ஐந்து மணி நேரத்துக்குத் தாவக் கூடாது.

நேரம் என்ற ஒன்றும் இருக்கிறது. "கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவேன்" என்பது குழந்தைக்கு அர்த்தமில்லாத பேச்சு. கொஞ்ச நேரம் தாண்டியதும் அது உங்களைத் தேடிக் கடற்கரைக்கு வரும், கடலோரத்தில் பிள்ளைகள் ஆபத்தில் சிக்குவதற்கு இது ஒரு காரணம். கடிகாரம் பார்க்கத் தெரியாவிட்டால் ஊரின் சத்தத்தில் அடையாளம் வையுங்கள். கோயில் மணி, மாதா கோயில் மணி, மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு, பத்து மணிப் பஸ்ஸின் ஹாரன் என்று எல்லா ஊரிலும் ஏதாவது இருக்கும். "பாங்கு சொல்லும் வரை வீட்டில் இரு. பாங்கு முடிந்தும் நான் வராவிட்டால் எதிர்வீட்டுப் பெரியம்மாவிடம் போ" என்பது குழந்தைக்குப் புரியும் நேரம். அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பலர் சொல்வதே இல்லை. காற்று மாறினால், கச்சான் காற்று திடீரென்று தூக்கினால், நீங்கள் தாமதமாகத்தான் வருவீர்கள். அப்போது என்ன செய்வது என்று பிள்ளைக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

போன் விஷயமும் இதே மாதிரிதான். பிள்ளைகளுக்கு அம்மா எண்ணும் அப்பா எண்ணும் மனப்பாடமாக இருக்கும். அம்மா முக்குளிக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டு விரலில் துணி சுற்றித் தண்ணீருக்குள் மூச்சடக்கிக்கொண்டிருப்பாள், போன் வத்தையில், அந்தச் சிறு படகில், பிளாஸ்டிக் பைக்குள் கிடக்கும். அப்பா கரையிலிருந்து வெகுதூரத்தில், சிக்னல் இல்லாத இடத்தில். எனவே மகளுக்கு முதலில் கற்றுத்தர வேண்டியது தரையில் இருக்கும் ஒருவருடைய எண். பிறகு ஆம்புலன்ஸுக்கு 108, அவசர உதவிக்கு 112, குழந்தைகளுக்கான 1098. அடுப்புக்கு எதிர்ச்சுவரில் கரியால் பெரிதாக எழுதி வைத்த ஒரு தாயை எனக்குத் தெரியும். வெள்ளையடிக்கும்போதுகூட அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டார்கள்.

எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டிய ஒன்று. கடலோரத்தில் எல்லோரும் உறவு. மாமா, சித்தப்பா, மச்சான், அண்ணன் என்று முறை சொல்லாத ஆள் தெருவில் இருக்க மாட்டார். குழந்தைகளிடம் தவறாக நடப்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் குழந்தைக்குத் தெரிந்தவர்களே. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் போக்சோ சட்டம் வந்த பிறகு பதிவான வழக்குகளும் இதையே காட்டுகின்றன. அம்மா இல்லாத நேரத்தில் யாராக இருந்தாலும் உள்ளே வரக் கூடாது, மாமாவாக இருந்தாலும் திண்ணையோடு சரி, தண்ணீர் கேட்டால் "அம்மா வந்ததும் வாருங்கள்" என்று சொல்லிவிட வேண்டும். இப்படிச் சொன்னால் மரியாதைக் குறைவு என்று பிள்ளை தயங்கும். அந்தத் தயக்கத்தை நீங்கள்தான் எடுத்துவிட வேண்டும், உறவினர்கள் காதில் விழும்படியே சொல்லி. கோபித்துக்கொள்கிற உறவு கோபித்துக்கொள்ளட்டும். இந்த ஒரு விதியைப் பையன்களுக்கும் சொல்லுங்கள், அவர்களுக்குச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

இப்போது உங்கள் கணக்கு. ஐந்தாறு மணி நேரம் என்றீர்கள். அதை வெட்டிப் பாருங்கள். நீங்கள் ஐந்தரை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம், மதியம் திரும்புகிறீர்கள். மகள் அரசுத் தொடக்கப் பள்ளியில் படித்தால் காலை உணவு அங்கேயே கிடைக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்ட திட்டம். எட்டேகால், எட்டரைக்கெல்லாம் அவள் பள்ளியில் இருப்பாள். மகன் பால்வாடிக்குப் போகலாம். 2 வயது முடிந்த பிள்ளைகளையே சேர்த்துக்கொள்கிறார்கள், உங்கள் மகனுக்கு 4 ஆகிவிட்டது. ஆக, பள்ளி நாளில் உங்களுக்கு ஆள் தேவைப்படுவது விடியற்காலையிலிருந்து சுமார் மூன்று மணி நேரம் மட்டுமே. ஐந்தாறு மணி நேரத்துக்குத் துணை கேட்டால் எல்லோரும் யோசிப்பார்கள். பால்வாடி திறக்கும் வரை என்று கேட்டால் சம்மதிக்கிறவர் கிடைப்பார்.

அடுத்தது, இது எல்லா நாளும் அல்ல. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள் என்று மாதத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் பாசிக்குப் போகிறீர்கள். அந்தப் பன்னிரண்டு நாளும் பஞ்சாங்கத்தில் முன்பே இருக்கிறது. எத்தனை வேலைக்கு இப்படி முன்கூட்டியே நாள் தெரியும்? ஆறு பெண்கள் சேர்ந்து போகிறீர்கள் என்றால், ஆளுக்கு மாதம் இரண்டு நாள் கரையில் நின்றால் பன்னிரண்டு நாளும் நிறைந்துவிடும். நிற்கிறவளுக்கு அன்றைய பாசியில் ஒரு பங்கு. படகில் பங்கு பிரிப்பது நமக்குப் புதிதில்லை. கரையில் நின்று ஐந்து வீட்டுப் பிள்ளைகளைக் காப்பவளும் அந்த வத்தையின் ஆள்தான் என்று வைத்துக்கொண்டால் போதும். ஒரு ஊரில் இதைச் செய்து பார்த்தார்கள். முதல் மாதம் பங்கு விஷயத்தில் சண்டை வந்தது, அரைப் பங்கா முழுப் பங்கா என்று. முழுப் பங்கு என்று முடிவான பிறகுதான் ஓடியது. நூறு நாள் வேலைக்கென்று 2005-இல் வந்த சட்டத்திலேயே, வேலை இடத்துக்கு ஐந்து சிறு குழந்தைகள் வந்தால் ஒரு பெண்ணை அவர்களைப் பார்க்க நிறுத்தி அவளுக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அதே கணக்குதான் இது.

வங்கதேசத்திலும் இதே மாதிரி யோசித்திருக்கிறார்கள். அங்கே வீட்டுக்கு வீடு குளம். சிறு குழந்தைகள் மூழ்குவது பெரும்பாலும் காலை 9 மணிக்கும் மதியம் 1 மணிக்கும் இடையில், தாய் வேலையாக இருக்கும் நேரத்தில், என்று கணக்கெடுத்துக் கண்டுபிடித்தார்கள். அந்த நான்கு மணி நேரத்துக்கு மட்டும் ஊருக்குள்ளேயே ஒரு பெண்ணின் வீட்டில் குழந்தைகளைச் சேர்த்து வைத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஆஞ்சல். வங்க மொழியில் முந்தானை என்று அர்த்தம்.

கோடை விடுமுறைக்கும் உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பள்ளி விடுமுறையும் பெரும்பாலும் அதற்குள்தான் வருகிறது. உங்கள் கணவர் கேரளக் கரைக்குக் கூலிக்குப் போகாமல் இருந்தால், தூக்கம் கெடாத அப்பா இரண்டு மாதம் வீட்டில் இருப்பார். ஒத்திகைக்கும் அதுவே நல்ல காலம். வலை பின்னிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கட்டும், மகள் உள்ளே தன் பாட்டுக்கு ஒரு மணி நேரம் இருக்கட்டும். மிச்சம் நிற்பது காலாண்டு, அரையாண்டு விடுமுறையும் சனி ஞாயிறும். அந்த நாள்களில் பாசி நாள் வந்தால் முறைக்கு நிற்கும் பெண்ணிடம் விடுங்கள். அவளுக்கும் வழியில்லை என்றால் அன்று போகாமல் இருங்கள். அந்த இழப்பு எனக்குத் தெரியாமல் இல்லை.

மகளை முதன்முறையாக அரை மணி நேரம் விட்டுவிட்டுத் திரும்பி வரும் நாளில், "சமர்த்தாக இருந்தாயா?" என்று கேட்காதீர்கள். ஆமாம் என்றுதான் சொல்வாள். "என்னென்ன நடந்தது?" என்று கேளுங்கள். பூனை வந்தது, மீன்காரர் கூப்பிட்டார், மின்சாரம் போனது, கொஞ்சம் பயமாக இருந்தது என்று வரிசையாக வரும். பயமாக இருந்தது என்றால் அடுத்த தடவை மறுபடியும் பத்து நிமிடத்திலிருந்து தொடங்குங்கள்.

அடுத்த பாசி நாளுக்கு முன்பு ஒரு வேலை இருக்கிறது. மகனை உங்கள் வீட்டில் நிற்க வைத்து, அவன் உயரத்துக்கு நீங்கள் குனிந்து, வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். டிரம்முக்கு மூடி இருக்கிறதா, அதன் பக்கத்தில் ஏறி நிற்க ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு கவிழ்த்த வாளி கிடக்கும்.